சிறு வீட்டின் சுமையும் சிறு கடையின் சுமையும்

ஆண்டுக்கு இருமுறை, சனவரியிலும் சூலையிலும், மலாக்கா மாநிலத்தின் வீடுகளுக்கும் கடைகளுக்கும் ஊராட்சி மன்றத்தின் வரிச்சீட்டு வந்து சேர்கிறது. பிப்ரவரி இறுதிக்குள் ஒரு பாதி, ஆகஸ்டு இறுதிக்குள் மறுபாதி. ஏடுகளில் இதற்கு மதிப்பீட்டு வரி என்று பெயர். மக்கள் வாயில் வீட்டு வரி, அல்லது சுக்காய் பிந்து. மலாக்கா வரலாற்று மாநகர் மன்றம், அலோர் காஜா, ஜாசின், ஹங் துவா ஜெயா நகராண்மைக் கழகங்கள் ஆகிய நான்குக்கும் இதுவே முதன்மையான வருவாய். தெருவிளக்கு எரிவதும், கால்வாய் தூர் வாரப்படுவதும், குப்பை வண்டி வருவதும் இப்பணத்தால்தான்.

இவ்வரி உயரப்போகிறது என்ற பேச்சு எந்த ஊரில் எழுந்தாலும் ஒரே வழக்குத்தான் மீண்டும் மீண்டும் நடக்கிறது. ஈட்டுகிறவர் வணிகர், எனவே சுமையை அவரே தாங்கட்டும் என்கிறார் வீட்டுக்காரர். மன்றத்தின் பணிகளில் பெரும்பங்கு குடியிருப்புகளுக்கே போகிறது, வீதம் மட்டும் எமக்கு உயர்வா என்று கேட்கிறார் வணிகர். இரண்டிலும் உண்மை உண்டு. ஆயினும் நம் துணிபு வேறு. தோட்டத்திலிருந்து வெளியேறிய குடும்பத்தின் மலிவு விலை வீடும், அக்குடும்பத்தின் பிள்ளை ஜாசினிலோ மெர்லிமாவிலோ வாடகைக்கு எடுத்து நடத்தும் சிறு கடையும் இவ்வழக்கில் ஒரே தரப்பு. இரண்டையும் எதிரெதிரே நிறுத்திவிட்டு, உண்மையில் தாங்க வல்லவர்களை ஒதுக்குப்புறமாக நிற்க விடுவதே இன்றைய வரிமுறையின் குறை.

வரியின் கணக்கை முதலில் தெளிவாக்கிக்கொள்வோம். 1976ஆம் ஆண்டின் ஊராட்சிச் சட்டம், ஒரு சொத்தை ஆண்டு முழுதும் வாடகைக்கு விட்டால் நியாயமாக எவ்வளவு கிடைக்கும் என்று மதிப்பிடச் சொல்கிறது. அதுவே ஆண்டு மதிப்பு. அதன்மேல் மன்றம் ஒரு விழுக்காட்டை, மாநில அரசின் ஒப்புதலோடு, விதிக்கிறது. 35 விழுக்காட்டுக்கு மேல் போகக் கூடாது என்பது சட்டம் இட்ட வரம்பு. சொத்தின் பயன்பாட்டுக்கேற்ப வீதம் வேறுபடலாம். எனவே வீட்டுக்கு ஒன்று, கடைக்கு ஒன்று, தொழிற்சாலைக்கு ஒன்று, வெற்று மனைக்கு ஒன்று என்று வீதங்கள் அமைகின்றன.

எடுத்துக்காட்டுக்காக மட்டும் ஒரு கணக்கு. மாதம் 500 வெள்ளி வாடகை பெறத்தக்க வீடு; ஆண்டு மதிப்பு 6,000 வெள்ளி. வீதம் 6 விழுக்காடு என்று கொண்டால் வரி 360 வெள்ளி. மாதம் 2,000 வெள்ளி வாடகையுள்ள கடை. ஆண்டு மதிப்பு 24,000 வெள்ளி. வீதம் 10 விழுக்காடு என்றால் வரி 2,400 வெள்ளி. வீட்டைப்போல் நான்கு மடங்கு மதிப்புள்ள கடை, ஏறத்தாழ ஏழு மடங்கு வரி செலுத்துகிறது. இதை அநீதி என்று ஒரேயடியாகச் சொல்லிவிட முடியாது. கடை வருமானம் தரும் இடம், வீடு செலவு கேட்கும் இடம். ஆனால் அதே 10 விழுக்காடுதான் நெடுஞ்சாலையோரப் பேரங்காடிக்கும் என்னும்போது சிக்கல் தொடங்குகிறது. பேரங்காடியின் கணக்கேட்டில் அவ்வரி ஒரு வரியில் முடிந்துபோகும் செலவு. சிறு மளிகைக்கடையிலோ அது ஒரு மாத இலாபத்தைத் தின்றுவிடும்.

மலாக்காத் தமிழர் இவ்வரியை எவ்வழியாகச் சந்திக்க வந்தனர் என்பதை மறந்துவிட்டு இதைப் பேச இயலாது. 1896இல் புக்கிட் லிந்தாங்கில் தான் சே யான் நட்ட ரப்பர்க் கன்றுகளே இந்நாட்டின் முதல் வணிகத் தோட்டமாயின. அடுத்து ஆசகானில் பல்லாயிரம் ஏக்கர் எழுந்தது. அங்கிருந்து தொடங்கி ஜாசின், அலோர் காஜா மாவட்டங்களெங்கும் பால்மரம் பரவியது. கெமூனிங், செர்க்காம், டெவோன், டைமண்ட் ஜூபிலி என்று தோட்டப் பெயர்களே நம் மூதாதையரின் முகவரிகளாயின. அவர்கள் இருந்த லயத்து வீடு அவர்களுடையதன்று. அதற்கு அவர்கள் வரி கட்டவில்லை. அதை விற்கவும் முடியாது, பிள்ளைக்கு எழுதி வைக்கவும் முடியாது. வேலை நின்ற அன்று வீடும் நின்றது. தோட்டம் தனியார் நிலம் என்பதால் அரசின் ஊரக வளர்ச்சித் திட்டங்கள் நெடுங்காலம் அதன் வேலியோடு நின்றுவிட்டன. குழாய் நீருக்கும் விளக்குக்கும் நிருவாகத்தையே நம்பியிருந்த மக்களுக்கு, 1990ஆம் ஆண்டின் தொழிலாளர் வீட்டுவசதிச் சட்டம் வந்த பிறகும் ஊராட்சி மன்றம் என்பது எங்கோ நகரத்திலிருக்கும் ஒரு கட்டடமாகவே இருந்தது.

விடுதலைக்கு முன்னும் பின்னும் ஆங்கிலேய நிறுவனங்கள் விற்ற தோட்டங்கள் கூறுபோடப்பட்டபோது, தோட்டத் துண்டாடல் என்ற சொல்லே நம் வீடுகளில் அச்சமூட்டும் சொல்லாயிற்று. 1960இல் துன் வீ. தி. சம்பந்தன் தேசிய நில நிதிக் கூட்டுறவுச் சங்கத்தைத் தொடங்கியதன் காரணம் அதுவே: தொழிலாளி தான் உழைத்த மண்ணில் ஒரு பங்கேனும் உடையவனாக வேண்டும். அதன்பின் ரப்பர் போய்ச் செம்பனை வந்தது, ஆள்தேவை குறைந்தது, பல தோட்டங்கள் வீடமைப்புத் திட்டங்களாயின. மெர்லிமாவ், ஜாசின், டுரியான் துங்கல், புலாவ் செபாங், மஸ்ஜித் தானா ஆகிய ஊர்களின் தாமான்களில் இன்று வாழும் தமிழ்க் குடும்பங்களில் பல, நான்கு தலைமுறையில் முதன்முறையாகச் சொந்தப் பெயரில் ஒரு கதவைப் பெற்றவை. சேமநிதிப் பணத்தைப் போட்டு வாங்கிய வீடு அது. சொந்த வீடு வந்த அதே ஆண்டில் முதல் வரிச்சீட்டும் வந்தது.

இதனால்தான் இவ்வரி இம்மக்களுக்கு வெறும் தொகையாக இருப்பதில்லை. 2025 பிப்ரவரியிலிருந்து நாட்டின் குறைந்தபட்ச மாத ஊதியம் 1,700 வெள்ளி. நாம் மேலே கண்ட 360 வெள்ளி, அவ்வூதியத்தில் ஐந்தில் ஒரு பங்கை விஞ்சுகிறது. அவ்வூதியமும் இல்லாமல், பிள்ளைகள் தரும் பணத்தில் காலந்தள்ளும் ஓய்வுபெற்ற பால்மரத் தொழிலாளிக்கு அது இன்னும் பெரிது. அவருடைய வீட்டின் சந்தை மதிப்பு உயர்ந்திருக்கலாம். ஆனால் அவர் அவ்வீட்டில் குடியிருக்கிறார். மதிப்பு உயர்ந்ததால் அவர் கைக்கு ஒரு காசும் வரவில்லை. சிலாங்கூர் மாநிலம் 2016 முதல் மலிவு விலை வீடுகளுக்கும் கம்பத்து வீடுகளுக்கும் இவ்வரியை விலக்கியது. சிலாங்கூர் பெரிய மாநிலம், அதன் வருவாயும் பெரிது. மலாக்காவால் அதே அளவு செய்ய இயலாது என்பதை ஒப்புகிறோம். விலக்க இயலாவிடினும் குறைக்க இயலும். எந்தச் சொத்துக்கும் வரியை விலக்கவோ குறைக்கவோ ஊராட்சிச் சட்டத்தின் 135ஆம் பிரிவு மாநில அரசுக்கு அதிகாரம் தந்திருக்கிறது.

இனி வணிகர் பக்கம். இவ்வரி பற்றிய பொதுப்பேச்சில் வணிகர் என்றாலே கட்டடத்துக்கு உடைமையாளர் என்று எண்ணப்படுகிறார். நம் ஊர்களில் நிலைமை அவ்வாறில்லை. ஜாலான் பெண்டஹாராவிலும் ஜாலான் தெமெங்கோங்கிலும் பூக்கடையும் துணிக்கடையும் உணவகமும் வைத்திருப்போரில் எத்தனை பேர் அவ்விடத்துக்கு உரியவர்? பெரும்பாலோர் வாடகைக்காரர். 1966ஆம் ஆண்டின் வாடகைக் கட்டுப்பாட்டுச் சட்டம், 1948க்கு முன் கட்டப்பட்ட கட்டடங்களின் குடிகளை நெடுங்காலம் காத்தது. 1997இல் அது நீக்கப்பட்டு, 2000 பிறந்தபோது பாதுகாப்பு முழுதும் அகன்றது. மலாக்காவின் பழைய தெருக்களில் தலைமுறை தலைமுறையாக இருந்த தச்சர், தட்டார், மாலை கட்டுவோர், மளிகை வணிகர் பலர் வாடகை உயர்வைத் தாங்கமாட்டாமல் வெளியேறினர். 2008 சூலையில் மலாக்காவும் ஜார்ச் டவுனும் உலக மரபுரிமைப் பட்டியலில் ஏறின. நகரத்துக்குப் பெருமை வந்தது, அதனோடு வாடகையும் ஏறியது.

வாடகையே ஆண்டு மதிப்பின் அளவுகோல் என்பதால், உயர்ந்த வாடகை உயர்ந்த வரியாகத் திரும்புகிறது. சட்டப்படி வரிக்கு முதற் பொறுப்பாளர் உடைமையாளரே. நடைமுறையில் வரி உயர்ந்தால் அடுத்த ஒப்பந்தத்தில் வாடகை உயர்கிறது. சில ஒப்பந்தங்களில் வரியை வாடகைக்காரரே கட்ட வேண்டும் என்று எழுதியே வாங்கிக்கொள்கிறார்கள். இன்னும் கடுமையானது ஒன்றுண்டு. நிலுவை வரிக்காக மன்றம் பறிமுதல் ஆணை பிறப்பித்தால், அவ்விடத்தில் காணப்படும் அசையும் பொருள் யாருடையதாயினும் கைப்பற்றலாம் என்கிறது சட்டம். உடைமையாளர் கட்டத் தவறிய வரிக்கு வாடகைக்காரரின் குளிர்பெட்டியும் நிறைகோலும் பிணையாகின்றன. வேறு உடன்பாடு இல்லாதவிடத்து, அத்தொகையைக் கட்டி மீட்ட வாடகைக்காரர் தம் வாடகையில் கழித்துக்கொள்ளலாம் என்ற ஆறுதலும் அதே சட்டத்தில் உண்டு. ஆனால் அந்த உரிமையை அறிந்திருக்கும் கடைக்காரரை நாம் அரிதாகவே கண்டிருக்கிறோம்.

இச்சுமை தனியே வரவில்லை என்பதையும் மன்றங்கள் எண்ணிப் பார்க்க வேண்டும். வணிக உரிமக் கட்டணம், பெயர்ப்பலகைக் கட்டணம் ஆகியவை அதே மன்றத்துக்கே போகின்றன. 2025 சூலை முதல் வணிக இடங்களின் வாடகை மீதும் சேவை வரி விரிவாக்கப்பட்டது. சிறு வணிகருக்கு விலக்கு உண்டெனினும், அந்த எல்லைக்குச் சற்றே மேலிருப்பவர் சிறுவணிகர் அல்லர் என்று யார் சொல்வார்? நம்மவரின் முடிதிருத்தகங்களும் துணிக்கடைகளும் பொற்கடைகளும் 2009 முதல் பல்லாண்டு அயல்நாட்டுத் தொழிலாளரை அமர்த்த இயலாமல் தவித்தன. ஆள் கிடைக்காமல் மூடிய முடிதிருத்தகத்தின் இடத்தில் எத்தனை ஊர்களில் வேறு கடை வந்திருக்கிறது என்பதை வாசகர் தம் ஊரை நினைத்தே அறிவர். தோட்டத்துக் காலந்தொட்டுச் சம்பள நாள்வரை கடன் எழுதிக் கொடுத்த மளிகைக்கடை மரபு இன்னும் முற்றும் அழியவில்லை. அக்கடை மூடினால், வீட்டுக்காரர் தம் வரியில் மிச்சம் பிடித்ததைப் போக்குவரத்துச் செலவில் இழப்பார்.

குடியிருப்பவருக்கும் வணிகருக்கும் இடையே வரியைப் பகிர்வது மலாக்காவுக்குப் புதிய கேள்வி அன்று. போர்த்துக்கீசியர் கைப்பற்றிய சில ஆண்டுகளில் இங்கு வந்து தங்கிய தோமே பிரெஸ், சுல்தான்கள் காலத்துத் தீர்வை முறையை எழுதி வைத்திருக்கிறார். மேற்கிலிருந்து, அதாவது குசராத்திலிருந்தும் சோழமண்டலக் கரையிலிருந்தும் வந்த சரக்குக்கு 6 விழுக்காடு. மலாக்காவிலேயே மனைவி மக்களோடு குடியேறிவிட்ட வணிகருக்கு 3 விழுக்காடு. அரிசி முதலிய உணவுப்பொருளுக்குத் தீர்வை இல்லை; காணிக்கை மட்டும். வணிகத்தால் வாழ்ந்த அந்நகரம் வணிகரை ஒரே கூட்டமாக எண்ணவில்லை. வேர்விட்டவர் வேறு, வந்து போகிறவர் வேறு, மக்களின் வயிற்றுக்கு வேண்டியதைக் கொணர்பவர் வேறு என்று பிரித்து அறிந்தது. நம் பழைய மரபிலும் இப்பாகுபாடு உண்டு. சோழர் காலக் கல்வெட்டுகள் தறிக்கும் செக்குக்கும் அங்காடிக்கும் இறை விதித்ததைச் சொல்கின்றன. அதே காலத்தில் தஞ்சைப் பெருவுடையார் கோயிலுக்கு ஊர்களின் வருவாயை எழுதி வைத்த இராசராசனின் கல்வெட்டுகள், ஊர்க்குடியிருப்பும் சேரிகளும் குளமும் சுடுகாடும் நின்ற நிலத்தை அளந்து, இறையிலி என்று கழித்துவிட்டே மீதிக்கு வரி கணக்கிடுகின்றன.

இன்றைய சட்டம் வழிபாட்டிடத்துக்கும் இடுகாட்டுக்கும் விலக்களிக்கிறது, அது நன்று. 1781இல் எழுந்த பொய்யாத விநாயகர் கோயில் ஜாலான் துக்காங் எமாசில் இன்றும் நிற்கிறது. ஆனால் அக்கோயிலை எழுப்பிய மலாக்காச் செட்டிகளின் குடியிருப்பைப் பாருங்கள். காஜா பெராங்கிலுள்ள கம்போங் செட்டி, சுல்தான்கள் காலம்வரை வேர் பிடித்த ஒரு சமூகத்தின் மிஞ்சிய ஊர். 2013, 2014ஆம் ஆண்டுகளில் அதன் ஓரத்தில் உயர்ந்த அடுக்குமாடியும் தங்கும் விடுதிகளும் எழும் என்ற திட்டம் வந்தபோது அம்மக்கள் எழுப்பிய குரல் நாடெங்கும் கேட்டது. அப்போது பேசப்பட்டது நிழலும் வெள்ளமும் போக்குவரத்தும் பற்றி. வரி பற்றி யாரும் பேசவில்லை. பக்கத்து வீடு பயணியர் தங்கும் விடுதியாக மாறி நாள்வாடகை ஈட்டத் தொடங்கினால், எதிர்பார்க்கத்தக்க வாடகை என்னும் அளவுகோல் அத்தெரு முழுமைக்கும் உயரும். வாடகைக்கு விடும் எண்ணமே இல்லாத மூதாட்டியின் வீட்டுக்கும் அது உயரும். குடியிருக்கும் வீட்டை, குடியிருக்கும் வீடாகவே மதிப்பிட வேண்டும். விடுதியாகிவிட்ட வீட்டை விடுதியாகவே வரிக்கு உட்படுத்த வேண்டும். கீழே கடையும் மேலே குடியுமாக உள்ள பழைய கடைவீடுகளில் மேல்மாடிக்கு வீட்டு வீதமே பொருந்தும். நாம் கேட்பது சலுகை அன்று, உண்மைப் பயன்பாட்டைப் பார்த்து எழுதும் மதிப்பீடு.

மதிப்பீட்டைக் காலத்தோடு செய்யாமையே இவ்வழக்கின் வேர். ஐந்தாண்டுக்கு ஒருமுறை புதிய மதிப்பீட்டுப் பட்டியல் என்பது சட்டத்தின் பொதுவிதி. மாநில அரசு விரும்பினால் அக்காலத்தை நீட்டலாம். இந்த நீட்டிப்பு நாடெங்கும் விதியையே விழுங்கிவிட்டது. கோலாலம்பூரில் 1992க்குப் பிறகு 21 ஆண்டு கழித்து, 2013இல் மறுமதிப்பீட்டு அறிவிக்கைகள் சென்றபோது மக்கள் திரண்டு எதிர்த்தனர். இறுதியில் வீடுகளுக்கான வீதம் 6 விழுக்காட்டிலிருந்து 4 ஆகக் குறைக்கப்பட்டது, வணிக வீதமும் இறக்கப்பட்டது. சிலாங்கூரில் 2025இல் மறுமதிப்பீடு நடைமுறைக்கு வந்தபோது, உயர்வு 25 விழுக்காட்டைத் தாண்டக் கூடாது என்று மாநில அரசே வரம்பு கட்ட நேர்ந்தது. தள்ளிப்போட்ட ஆண்டுகளில் யாருக்கும் நன்மை இல்லை என்று சொல்ல முடியாது; நன்மை இருந்தது, அது ஒருசாரார்க்கே இருந்தது. மதிப்பு மிக வேகமாக உயர்ந்த இடங்களின் உடைமையாளர் பழைய மதிப்பிலேயே வரி கட்டினர். மதிப்பு உயராத தாமான்களின் மக்கள், உயர்ந்தவர் கட்டாத பங்கையும் சேர்த்துச் சுமந்தனர். புதிதாகக் கட்டிய வீட்டை அன்றைய விலைக்கு மதிப்பிட்டதால் இளங்குடும்பங்கள் மிகுதியாகக் கட்டின.

அமெரிக்காவின் கலிபோர்னியா மாநிலம் 1978இல் இதையே சட்டமாக்கிக்கொண்டது. வீட்டுக்காரரைக் காக்க வந்த அந்த 13ஆம் முன்மொழிவு, மதிப்பீட்டு உயர்வை ஆண்டுக்கு 2 விழுக்காட்டோடு கட்டிப்போட்டது. ஆனால் அதன் நிழலில் பெருநிறுவனங்களின் நிலங்களும் சேர்ந்து ஒதுங்கிக்கொண்டன. பெருவணிக நிலத்தை மட்டும் பிரித்துச் சந்தை மதிப்பில் வரி விதிக்கலாம் என்று 2020இல் மக்கள் முன் வைக்கப்பட்ட முன்மொழிவு, சிறிய வேறுபாட்டில் தோற்றது. உறைய வைப்பது எளிது, உருக்குவது அரிது. மலாக்காவின் மன்றங்கள் ஐந்தாண்டு விதியை மெய்யாகவே பின்பற்றி, உயர்வைச் சிறுசிறு படிகளாக மக்களுக்குத் தருவதே நேர்மை.

வீட்டுக்கும் கடைக்கும் இடையே எல்லோரும் வழக்காடிக்கொண்டிருக்க, மூன்றாம் தரப்பு ஒன்று பேசாமல் இருக்கிறது. கட்டடம் எழாத மனைகள், ஆளில்லாத கடைவரிசைகள், விலை ஏறக் காத்திருக்கும் நிலங்கள். மலாக்காவின் கரையில் கடலைத் தூர்த்து நிலம் எடுத்த காலம் நீண்டது. 2014இல் பெருவிழாவோடு தொடங்கிய மலாக்கா கேட்வே திட்டத்தின் ஒப்பந்தத்தை 2020 நவம்பரில் மாநில அரசே முறித்துக்கொண்டது. அப்பெருங்கனவுகளின் ஓரங்களில் ஆளற்ற கடைகள் வரிசை வரிசையாக நிற்பதை நகரத்தார் நாள்தோறும் காண்கிறார்கள். வெற்று மனையின் ஆண்டு மதிப்பை அதன் சந்தை விலையில் 10 விழுக்காடாகக் கொள்ளச் சட்டம் இடம் தருகிறது. குறைத்தாலும் 5க்குக் கீழே போகாது. ஆளில்லாத கட்டடத்துக்கோ, அது பழுதின்றி இருந்து, தக்க முயற்சி செய்தும் நியாயமான வாடகைக்கு ஆள் வரவில்லையென்றால், வரியில் கழிவு கேட்கவும் வழியுண்டு. நல்லெண்ணத்தில் எழுதிய வழி அது. ஆனால் ஆள் இருந்து, விளக்கு எரிந்து, நாலு பேருக்கு வேலை தரும் சிறு கடை முழு வரி கட்ட, ஆண்டுக்கணக்கில் பூட்டிக் கிடக்கும் கடை கழிவு பெறுமாயின், தெரு உயிரோடிருப்பதற்கே தண்டம் விதித்ததாகிறது. பன்னாள் பூட்டிய இடத்துக்குக் கழிவை நிறுத்தி, பன்னாள் வெறுமையாய் வைத்த மனைக்கு வீதத்தை உயர்த்தி, அவ்வருவாயைக் கொண்டு சிறு வீட்டுக்கும் சிறு கடைக்கும் குறைப்பைத் தர வேண்டும் என்பதே நம் முதன்மைக் கோரிக்கை.

அரசுக் கட்டடங்களின் பங்கும் கணக்கில் வர வேண்டும். கூட்டரசு அமைப்புச் சட்டத்தின் 156ஆம் விதி, அரசின் பொதுப்பயன்பாட்டுச் சொத்துகளுக்கு வரிக்கு ஈடாக ஊராட்சிகளுக்குப் பங்களிப்புத் தர வழி செய்கிறது. 2010இல் பிறந்த ஹங் துவா ஜெயா நகராண்மைக் கழகத்தின் எல்லையில் மாநில ஆட்சியின் அலுவலகங்களும் பல்கலைக்கழகமும் பரந்திருக்கின்றன. அப்பங்களிப்பு உரிய காலத்தில் உரிய அளவில் வருகிறதா என்பதை மன்றம் ஆண்டுதோறும் மக்களுக்கு எழுதிக் காட்ட வேண்டும்.

சிறியோரைக் காக்கும் படிநிலை வரிக்கு முன்மாதிரி இல்லாமல் இல்லை. 2022 ஏப்ரலில் தமிழ்நாடு சொத்து வரியை உயர்த்தியபோது, சென்னைக்கு வெளியேயுள்ள மாநகராட்சிகளில் 600 சதுர அடிக்கு உட்பட்ட வீடுகளுக்கு 25 விழுக்காடும், 1,200 வரை 50, 1,800 வரை 75, அதற்கு மேல் 100 விழுக்காடும் என்று படி அமைத்தது. சிறு வீட்டுக்குச் சிறு உயர்வு என்ற நெறி பாராட்டத்தக்கது. அதே ஆணையில் வணிகக் கட்டடங்களுக்கு ஒரே உயர்வு, 100 விழுக்காடு. தேநீர்க்கடைக்கும் அதுவே, பல மாடித் துணி மாளிகைக்கும் அதுவே. வீட்டில் கண்ட பெரியது சிறியது என்னும் வேறுபாட்டைக் கடையில் காணாது போன அப்பிழையை மலாக்கா செய்யலாகாது. 1,200 சதுர அடிக்கு உட்பட்ட கடைகளுக்கும், ஒரே குடும்பம் நடத்தும் கடைகளுக்கும் வீட்டு வீதத்தை ஒட்டிய ஒரு வீதத்தை வகுப்பது நடக்கக்கூடியதே. வாடகைக்கு எடுத்த கடையாயின், குறைப்பின் பயன் வாடகைக்காரரைச் சேர்கிறது என்பதற்கு உடைமையாளர் ஒப்பந்த நகலைக் காட்டினால்தான் குறைப்பு என்று மன்றம் விதிக்கலாம்.

இவற்றையெல்லாம் யார் மன்றத்தில் எழுந்து கேட்பார்? இக்கேள்வியை இந்நாட்டில் முறையாக ஆய்ந்தவர் ஒரு தமிழர். 1965இல் ஊராட்சித் தேர்தல்கள் நிறுத்தப்பட்டபின், மேலவை உறுப்பினர் ஆதி நாகப்பன் தலைமையில் அரச விசாரணை ஆணையம் அமைந்தது. 1968இல் முடிந்த அதன் அறிக்கை 1971இல் வெளிவந்தது. குறைகளைச் சீராக்கி, தேர்ந்தெடுக்கப்பட்ட மன்றங்களையே தொடர வேண்டும் என்று அது பரிந்துரைத்தது. 1976இன் சட்டம் அப்பரிந்துரையை ஏற்கவில்லை. தேர்தலுக்கு முற்றுப்புள்ளி வைத்தது. அன்றுமுதல் மன்ற உறுப்பினர்கள் மாநில அரசால் அமர்த்தப்படுகிறார்கள். வரி கட்டுவோரைக் கேட்டால் வரி எளிதில் வரும் என்பது மிகப் பழைய ஆட்சியறிவு. சென்னையில் வீட்டு வரிக்கு மக்கள் இணங்க மறுத்த அனுபவத்துக்குப் பின், 1688இல் அங்கு மாநகராட்சியை ஏற்படுத்தக் கிழக்கிந்தியக் கும்பினியின் தலைவர் சோசையா சைல்டு முனைந்ததற்கு ஒரு காரணம், தம் ஊராரே உறுப்பினராய் அமர்ந்து விதிக்கும் வரியை மக்கள் மனமொப்பிக் கட்டுவர் என்பதே. ஒரு வணிகக் கும்பினி உணர்ந்ததை ஒரு மக்களாட்சி மறுத்து நிற்பது வருத்தத்துக்குரியது. தேர்தல் திரும்பும்வரை, அமர்த்தப்பட்ட தமிழ் உறுப்பினர்கள் வரிமதிப்பீடு நடக்கும் ஆண்டில் தாமான் தோறும், கடைத்தெரு தோறும் கூட்டம் நடத்திக் கருத்துக் கேட்பதைத் தம் கடமையாகக் கொள்ள வேண்டும். பொறுப்பு என்பது விழா மேடையில் மாலை ஏற்பதோடு முடிவதில்லை.

மக்களும் தமக்குள்ள உரிமையை அறிந்துகொள்ள வேண்டும். புதிய பட்டியல் அணியமானதும் மன்றம் அதை அறிவித்துப் பார்வைக்கு வைக்கும். மறுசீராய்வு தொடங்கும் நாளை 42 நாளுக்குக் குறையாமல் முன்கூட்டியே அறிவிக்க வேண்டும். அந்நாளுக்கு 14 நாள் முன்னதாகவே மறுப்பு எழுத்தில் போய்ச் சேர வேண்டும், பிந்தினால் பயனில்லை. வீதம் மிகுதி என்ற மறுப்பு இங்கே ஏலாது. மதிப்பு மிகுதி என்பது போன்ற மறுப்புகளுக்கே இடம். எனவே அதே தாமானில் அதே அளவுள்ள வீடுகள் என்ன வாடகைக்குப் போகின்றன என்ற சான்று வேண்டும். கடைக்காரராயின் தம் வாடகை ஒப்பந்தமே சான்று. முடிவு நிறைவளிக்காவிட்டால் உயர்நீதிமன்றம்வரை போகலாம் என்பது சட்டம். ஆயின் 360 வெள்ளி வரிக்காக உயர்நீதிமன்றப் படி ஏறும் தொழிலாளி யார்? அதனால்தான் முதற்படியிலேயே வழக்கு வெல்லப்பட வேண்டும்.

அறிவிக்கை வருவது தேசிய மொழியில், அது இயல்பே. ஆனால் தோட்டத்துப் பள்ளியோடு படிப்பை நிறுத்திக்கொண்ட முதியோர் அதிலுள்ள காலக்கெடுவைக் கண்டுகொள்ளாமல் மேசைமேல் வைத்துவிடுகிறார்கள், கெடு கடந்துபோகிறது. நான்கு மன்றங்களும் மதிப்பீட்டு ஆண்டில் அறிவிக்கையோடு ஒருபக்கத் தமிழ் விளக்கத்தையும் இணைப்பது பெருஞ்செலவன்று. வணிகர் சங்கங்களும் கோயில் நிருவாகங்களும் மறுப்புக் கடிதம் எழுதித்தர ஆளமர்த்த வேண்டும். அவ்வாறு அமர்த்தும்போது கடைக்காரருக்கு ஒரு மேசை, வீட்டுக்காரருக்கு ஒரு மேசை என்று பிரிக்க வேண்டா. ஒரே தெருவின் வாடகைச் சான்றுகளை இருவரும் சேர்ந்து திரட்டி, ஒரே கோப்பாக மன்றத்தில் ஒப்படைக்கட்டும்.